ஷேவிங் ஸ்கட்டில்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு பீங்கான் பாத்திரம் இருக்கிறது. விருந்துக்கு வருகிறவர்கள் கை கழுவப் போய்விட்டு அதைப் பற்றி ஒரு கேள்வியோடுதான் திரும்பி வருவார்கள். போதாக்குறைக்கு, புதிதாக பிரஷ் வாங்கிய நண்பர்கள், ஊரிலிருந்து அழைக்கும் தம்பிகள், ஒரு மாமா என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி அதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியைப் போட்டு, கீழே பதிலையும் எழுதி வைக்கிறேன். நான் டொரொண்டோவில் ஒரு பேஸ்மென்ட்டில் குடியிருந்த காலத்தில் பிடித்த பழக்கம் இது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னப்பா இது, டீ கெட்டிலா, பூந்தொட்டியா?

சோப்பு நுரையைச் சூடாக வைத்திருக்கும் பாத்திரம், அவ்வளவுதான். ஷேவ் செய்து முடிக்கும்வரை நுரை ஆறிப்போகாமல் இருக்கப் பக்கத்திலேயே வெந்நீர் நிற்கும்படி செய்திருப்பார்கள். பெயர் ஷேவிங் ஸ்கட்டில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புழங்கிய பொருள்.

இதில் இரண்டு வகை உண்டு. பழைய வகை குட்டையான டீ கெட்டில் மாதிரி இருக்கும், மூக்கு மட்டும் பிரஷ் நுழையும் அளவுக்கு அகலமாகப் பிளந்திருக்கும். உள்ளே வெந்நீர். மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை போட்ட ஒரு தட்டு, அதன்மேல் சோப்பு. பிரஷ்ஷை மூக்குக்குள் விட்டு நனைத்து மேலே சோப்பில் தேய்க்க வேண்டியது, மிஞ்சிய தண்ணீர் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிடும். இப்போது குயவர்கள் செய்வது வேறு: கிண்ணத்துக்குள் கிண்ணத்தை வைத்து ஒட்டியது போல இரட்டைச் சுவர், இரண்டுக்கும் நடுவில் மூக்கு வழியாக ஊற்றும் வெந்நீர், உள்கிண்ணத்தில் நுரை. தண்ணீரும் நுரையும் ஒன்றையொன்று தொடாது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் பாட்டரி செய்வதும், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உருவான மாஸ் ஸ்கட்டிலும் இதில் பேர் போனவை. கீழே நான் சொல்வது பெரும்பாலும் இந்த இரட்டைச் சுவர் வகையைப் பற்றித்தான்.

ஸ்கட்டில்னா கப்பலை மூழ்கடிக்கிறதுதானே? ஷேவிங் சாமானுக்கு ஏன் இந்தப் பேர்?

உச்சரிப்பு ஒன்று, வேர் வேறு. கப்பல் ஸ்கட்டில், தளத்தில் இருக்கும் திறப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1919 ஜூன் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்தில் ஜெர்மன் கடற்படையினர் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்களே, அது அந்த ஸ்கட்டில்.

நம்முடையது தட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குளிர்நாட்டு வீடுகளில் கணப்புக்குப் பக்கத்தில் நிலக்கரி போட்டு வைக்க ஒரு பக்கம் வாய் நீண்ட வாளி ஒன்று இருக்கும், அதற்குப் பெயர் கோல் ஸ்கட்டில். பழைய ஷேவிங் பாத்திரத்தின் அகல மூக்கு பார்ப்பதற்கு அதே மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது.

நுரை சூடா இருந்தா தாடி முடி நல்லா இளகிடுமாமே?

விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முடியை இளக்குவது தண்ணீர். முடிக்குள் தண்ணீர் இறங்கினால் அது ஊதி மெத்தென்று ஆகிறது, பிளேடுக்கு வெட்டும் வேலை குறைகிறது. அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சூடு அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், முகத்து எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கிவிடும். ஆனால் இதையெல்லாம் குளியலோ, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டோ நுரையைவிட நன்றாகவே செய்துவிடும்.

யோசித்துப் பாருங்கள், நுரை என்பது பெரும்பகுதி காற்று. காற்றில் எவ்வளவு சூடு நிற்கும்? ஒரு கைப்பிடி நுரையை முகத்தில் பூசினால் கொஞ்ச நேரத்திலேயே அது தோலின் சூட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் ஸ்கட்டில் வாங்கினால் ஷேவ் இன்னும் நெருக்கமாக வரும், காயம் குறையும் என்றெல்லாம் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பூசும்போது சுகமாக இருக்கும். என்னைக் கேட்டால் அந்தச் சுகம்தான் காரணம், முழுக் காரணமும் அதுதான்.

அப்போ முதல்லயே பிரஷ்ஷை வெந்நீர்ல முக்கினா போதுமே?

முதல் தடவைக்குப் போதும். அந்த நுரை எப்படியும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பிரச்சினை இரண்டாவது தடவையில். ஒழுங்காக ஷேவ் செய்கிறவர்கள் முடி வளரும் திசையில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, தைரியம் இருந்தால் எதிர்த்திசையில் ஒரு முறை என்று இழுப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் புதிதாக நுரை பூசவேண்டும். முதல் சுற்று முடிவதற்குள் கிண்ணத்தில் கிடந்த பிரஷ் சில்லிட்டுப் போயிருக்கும். ஜனவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம், காலுக்குக் கீழே ஐஸ் மாதிரி டைல்ஸ், இந்த நிலையில் ஈர முகத்தில் குளிர்ந்த நுரையைப் பூசினால் உடம்பு ஒரு குலுக்கு குலுக்கும். பேஸ்மென்ட்டில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்கட்டில் இருந்தால் பிரஷ்ஷை உள்கிண்ணத்தில் நட்டு வைத்துவிட்டு நிதானமாக முதல் சுற்றை முடிக்கலாம். பிரஷ் தன் முடிக்குள் நிறைய நுரையைப் பிடித்து வைத்திருக்கும், அது சூடாகவே இருக்கும். ஒரே இழுப்பில் முகத்தை முடித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை.

சரி வாங்கியாச்சு. எப்படிப் பயன்படுத்தறது?

முதலில் பாத்திரத்தையே சூடாக்குங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் "சூடே நிக்கலை" என்கிறார்கள். கெட்டியான சுட்ட மண் அது, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்திருக்கும், நீங்கள் ஊற்றும் வெந்நீரின் சூட்டை முதலில் அதுதான் குடிக்கும். குழாயில் வரும் வெந்நீரை மூக்கு வழியாக நிரப்பி, உள்கிண்ணத்திலும் கொஞ்சம் ஊற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் குளித்துவிட்டோ முகம் கழுவிவிட்டோ வந்துவிடலாம்.

அப்புறம் இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டு, கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரை மூக்கு வழியாக விடுங்கள். கழுத்துவரை நிரப்பாதீர்கள், கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து நுரை அடிக்கும்போது மூக்கிலிருந்து தளும்பிக் கையில் கொட்டும். பிரஷ்ஷை உதறிவிட்டு சோப்பில் தேய்த்து எடுத்து உள்கிண்ணத்தில் சுழற்றுங்கள், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். சிலர் முகத்திலேயே நுரை அடித்துவிட்டு, இதை பிரஷ் வைக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்வார்கள். மாஸ் வகைக்கு அதுவே பொருத்தம்.

கொதிக்கிற தண்ணியை அப்படியே ஊத்தலாமா?

சூடாக்கிய பாத்திரத்தில், சுவருக்கு நடுவில், கொதி அடங்கி ஒரு நிமிடம் ஆன தண்ணீரை ஊற்றலாம். குளிர்ந்து கிடந்த பாத்திரத்தில் கொதிநீரை ஊற்றினால் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் விரிசல் விழும். கண்ணாடி டம்ளரில் சூடான காபி ஊற்றி உடைத்தவர்களுக்குத் தெரியும்.

பிரஷ்ஷைக் கொதிநீரில் முக்கவே முக்காதீர்கள். பேட்ஜர், பன்றி, குதிரை, எந்த முடியானாலும் கெடும், அடியில் முடிக்கற்றையைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். கை பொறுக்கும் சூடு போதும். உங்கள் முகத்துக்கும் அதே கணக்குதான்: 45 டிகிரியை நெருங்கும்போதே தோலுக்கு வலிக்க ஆரம்பித்துவிடும், 60 டிகிரி தண்ணீர் ஐந்தே விநாடியில் மோசமாகச் சுட்டுவிடும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் வெந்நீர் நிரப்பிய ஸ்கட்டிலை சிங்க் ஓரத்தில் வைக்காதீர்கள்.

நுரை அஞ்சு நிமிஷத்துல சப்புனு போயிடுது. சோப்பு மோசமா?

சோப்பின் மேல் பழி போடாதீர்கள், சூடுதான் காரணம். சூடான நுரையில் குமிழிகளைப் பிடித்திருக்கும் சோப்புநீர் நீர்த்துப்போய்ச் சீக்கிரம் கீழே வடிகிறது, மேலாக ஆவியும் ஆகிறது. குமிழியின் சுவர் மெலிந்து உடைகிறது. ஸ்கட்டில் வாங்கியதும் எல்லோரும் படும் பாடு இது, நானும் பட்டேன். முதல் வாரம் அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஷேவ் செய்தேன்.

வழக்கத்தைவிட அதிக நேரம் சோப்பில் தேய்த்து, பிரஷ்ஷில் கெட்டியாக ஏற்றிக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் நுரை முட்டை வெள்ளையை அடித்த மாதிரி பொங்கி நிற்கக் கூடாது, தயிர் மாதிரி கனமாக, பளபளப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது சுற்றுக்கு எடுக்கும்போது வறண்டு தெரிந்தால் பிரஷ் நுனியை மட்டும் வெந்நீரில் தொட்டு மறுபடி சுழற்றுங்கள், உயிர் வந்துவிடும். வெந்நீரின் சூட்டைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பதும் நல்லது. நுரை வெதுவெதுப்பாக இருந்தாலே போதும், ஆவி பறக்க வேண்டியதில்லை.

அண்ணா, எங்க ஏரியா போர் தண்ணியில நுரையே வராது. இது வாங்கினா சரியாகுமா?

ஆகாது தம்பி. அது உப்புத்தண்ணீர்ப் பிரச்சினை. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாக வெள்ளைப் பிசுக்காகிவிடும், வாளி ஓரத்தில் படிகிறதே, அதேதான். அந்த அளவு சோப்பு நுரையாகாமல் வீணாகிறது. சூடாக்கினால் ஓரளவு கடினத்தன்மை படிந்து பிரியும், ஆனால் போர் தண்ணீரை ஷேவிங்குக்கு ஏற்றதாக்க அது போதாது.

ஒரு டம்ளர் கேன் தண்ணீரைக் காய்ச்சி அதில் நுரை அடித்துப் பாருங்கள், அதே சோப்பு வேறு சோப்பாகத் தெரியும். சுவருக்கு நடுவில் ஊற்ற எந்தத் தண்ணீரானாலும் சரி, அது நுரையைத் தொடப்போவதில்லை. ஆனால் உள்ளே படியும், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டின்ல அமுக்கினா வர்ற ஃபோமை இதுல வெச்சுக்கலாமா?

வேண்டாம். பிரஷ்ஷால் அடிக்கும் நுரைக்கான பாத்திரம் இது. டின் ஃபோமைச் சூடான கிண்ணத்தில் போட்டால் கண்ணெதிரே அமுங்கிப்போகும். டின்னையே வெந்நீரில் போட்டுச் சூடாக்கும் விபரீத யோசனை ஒருவருக்கு இருந்தது. அழுத்தத்தில் அடைத்த டின், செய்யாதீர்கள்.

சென்னையில இருக்கேன். எனக்கு இது பிரயோஜனப்படுமா?

மே மாதம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஷேவ் செய்தாலே முகத்தில் சோப்புக்கு முன் வியர்வை வழிகிற ஊரில், சூடான நுரை எதற்கு? குளிர்ந்த தண்ணீரில் ஷேவ் செய்யுங்கள், நன்றாகவே வரும். நம்மூர் சலூன்களில் பிளாஸ்டிக் கப்பில் பச்சைத்தண்ணீர் தொட்டு நுரை அடித்து, கடைசியில் படிகாரம் தேய்த்து அனுப்பவில்லையா? யாருக்கு என்ன குறைந்துவிட்டது.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்றால் பேச்சு வேறு. டிசம்பர், ஜனவரியில் அங்கே இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் காசு செலவழிப்பதற்கு முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

வீட்ல இருக்கற பாத்திரத்தை வெச்சே செய்ய முடியாதா?

முடியும், நான் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். டபராவில் வெந்நீர், அதில் நிற்கும்படி டம்ளர், டம்ளரில் பிரஷ்ஷும் நுரையும். எவர்சில்வர் சுவர் மெல்லியது, அதனால் சூடு உடனே ஏறும், ஆனால் டபராவில் கொஞ்சம்தான் தண்ணீர் பிடிக்கும் என்பதால் சீக்கிரம் இறங்கியும் விடும். இரண்டு சுற்றுக்குத் தாங்கும். டபராவுக்குப் பதில் கனமான பீங்கான் கிண்ணம் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். இதைவிடச் சுலபம், சிங்க்கை அடைத்து வெந்நீர் நிரப்பி அதில் நுரைக்கிண்ணத்தை வைப்பது. அங்கே கழுவ வேண்டிய ரேசரை வேறெங்கே கழுவுவது என்பதுதான் சிக்கல்.

சூடு பிடித்து வைப்பதில் நம்மூர் கல்சட்டியை அடிக்க எதுவும் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும் சட்டி அல்லவா அது. சின்னதாக ஒன்று கிடைத்தால் வெந்நீரில் ஊறவைத்து எடுத்து அதிலேயே நுரை அடிக்கலாம், வெளியே தண்ணீர்கூட வேண்டாம். ஒன்று மட்டும்: சமையலறையிலிருந்து எடுத்தது திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. அம்மா காபி ஆற்றும் டபராவை எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

இவ்வளவு சௌகரியமான சாமான்னா ஏன் வழக்கொழிஞ்சு போச்சு?

இது குழாயைத் திறந்தால் வெந்நீர் வராத காலத்துப் பொருள். காலையில் அடுப்பில் காய்ச்சிய ஒரு குவளை வெந்நீர்தான் முகம் கழுவவும் ஷேவ் செய்யவும், அதை வீணாக்காமல் சூட்டையும் சேர்த்துப் பயன்படுத்த ஸ்கட்டில் உதவியது. வீடுகளில் வெந்நீர்க் குழாய் வந்ததும் பாதி அவசியம் போனது.

மீதி, பழக்கம் மாறியதால் போனது. அந்தக் காலத்து அமெரிக்க சலூன்களில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தங்க எழுத்தில் பேர் போட்ட ஷேவிங் மக் அலமாரியில் வரிசையாக இருக்கும். இறைச்சிக்கடைக்காரர் என்றால் மாட்டுப்படம், வண்டிக்காரர் என்றால் குதிரை வண்டி என்று தொழில் படத்தோடு. ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேசர் 1903-இல் விற்பனைக்கு வந்தபோது அந்த வருடம் மொத்தம் 51 ரேசரும் 168 பிளேடும்தான் விற்றன. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அது கொடுக்கப்பட்ட பிறகு, வீட்டிலேயே தானே ஷேவ் செய்துகொள்வது சாதாரணமாகிவிட்டது. 1949-இல் ரைஸ் என்ற பெயரில் டின் ஃபோம் வந்தது. பிரஷ்ஷே வேண்டாம் என்று ஆன பிறகு பிரஷ் வைக்கும் பாத்திரத்தை யார் தேடப்போகிறார்கள்.

மச்சான், ஈபேயில ஒரு பழைய ஸ்கட்டில் கிடக்குது, ரோசாப்பூ எல்லாம் போட்டு வடிவா இருக்கு. எடுக்கட்டோ?

அலமாரியில் வைத்துப் பார்க்க என்றால் எடு. பயன்படுத்த என்றால் முதலில் விரிசலைப் பார். மெருகில் வலை மாதிரி நுண்கோடுகள் ஓடியிருந்தால் சோப்பும் அழுக்கும் அதற்குள் போய் உட்காரும், வெந்நீர் ஊற்ற ஊற்றக் கோடு பெருக்கும். பழைய மெருகுகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதில் தேநீர் குடிக்கும் விளையாட்டெல்லாம் வேண்டாம். இன்னொன்று, அது முதல் பதிலில் சொன்ன பழைய வகையாக இருக்கும். சோப்பைத் தட்டில் வைத்துப் பயன்படுத்துவது, நுரைக் கிண்ணம் கிடையாது.

அதோடு சேர்த்து பழைய பிரஷ் தருகிறேன் என்றால் வாங்கவே வாங்காதே. முதல் உலகப்போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத விலங்கு முடியில் செய்த மலிவான பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் வந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அந்தக் கிருமியின் வித்து பல வருடம் உறங்கிக் கிடக்கக்கூடியது. பிரஷ்ஷைப் புதிதாக வாங்கு.

மைக்ரோவேவ்ல வெச்சுச் சூடு பண்ணிக்கலாமா?

தண்ணீரை வேறு பாத்திரத்தில் சூடாக்கி ஊற்றுவதே நல்லது. தங்க வரி போட்டது என்றால் மைக்ரோவேவுக்குள் பொறி பறக்கும். மண் ஈரத்தை இழுத்திருந்தால் கைப்பிடி தண்ணீரைவிடச் சூடாகிவிடும். பிரஷ்ஷோடு வைப்பது பற்றிக் கேட்டவருக்கு: பசை இளகும் கதையை மேலே சொல்லியிருக்கிறேன்.

மூக்கு வழியாப் பார்த்தா உள்ளே வெள்ளையாப் படிஞ்சிருக்கு. கை நுழையலையே, எப்படிக் கழுவ?

அது போர் தண்ணீர் பதிலில் சொன்ன படிவு. வினிகரும் வெந்நீரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி ஒரு மணி நேரம் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். எலுமிச்சை உப்பு இரண்டு தேக்கரண்டி கரைத்தாலும் போதும். உங்கள் தண்ணீரைப் பொறுத்து மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ.

தினமும் ஷேவ் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். வெளியே தெரியாத குகைக்குள் தண்ணீரை நாள்கணக்கில் விட்டால் வாடை வரும், அது என்ன வாடை என்று எனக்குச் சோம்பேறித்தனத்தால் தெரியும். பிரஷ்ஷையும் அதற்குள்ளேயே விட்டுவிடாதீர்கள், அலசி உதறித் தனியாகக் காயவையுங்கள்.

மென்தால் சோப்பை இதுல போட்டா சூடும் குளிர்ச்சியும் சேர்ந்து வருமா?

வரும், விநோதமாக இருக்கும். மென்தால் நிஜமாகக் குளிர்விப்பதில்லை, தோலில் குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. அதனால் முகம் வெதுவெதுப்பாகத் தொடங்கி, நுரை ஆற ஆறக் குளிர ஆரம்பிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. என் மைத்துனருக்கு அதைத் தவிர வேறெதுவும் பிடிப்பதில்லை.

சூடான நுரைன்னு ஆரம்பிச்சதுல இருந்து கன்னம் சிவந்து எரியுது. பழக பழகச் சரியாகுமா?

பழக வேண்டியதில்லை, சூட்டைக் குறையுங்கள். சூடு முகத்து எண்ணெயை இளக்கும் என்றேன் அல்லவா, வறண்ட சருமத்துக்கு அதுவே கேடு. குளிரும் ஹீட்டரும் சேர்ந்து தோலை உலர்த்தும் நாட்களில் கேட்கவே வேண்டாம். ஏற்கனவே சிவக்கும் சருமமோ பருவோ இருந்தால் சூடு அதைத் தூண்டிவிடும். ஒரு வாரம் ஸ்கட்டிலில் தண்ணீரே ஊற்றாமல் வெறும் கிண்ணமாகப் பயன்படுத்திப் பாருங்கள். எரிச்சல் நின்றால் விடை கிடைத்துவிட்டது. நிற்காவிட்டால் பிளேடையும் அழுத்திச் சிரைக்கும் கையையும் சந்தேகியுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கீழே விழுந்து கைப்பிடி உடைஞ்சுடுச்சு. ஒட்டிடலாமா?

கைப்பிடி மட்டும் போயிருந்தால் ஒட்ட வேண்டாம், உடைந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கைப்பிடி இல்லாமலே பயன்படுத்துங்கள். ஒட்டிய கைப்பிடி வெந்நீர் நிரம்பியிருக்கும்போது கையோடு வந்தால் கால் வெந்துபோகும். சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள்மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. என்னுடைய முதல் ஸ்கட்டில் அப்படித்தான் போனது. இப்போது ஜன்னலோரத்தில் அதில் மணி பிளான்ட் வளர்கிறது, மூக்கு வழியாக ஒரு கொடி எட்டிப் பார்க்கிறது, பூந்தொட்டியா என்று கேட்டவர் சொன்னது பலித்துவிட்டது.